ஆலய வளவும் விளையாட்டும்: இளையோர் பொறுப்பாளரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆலயம் சார்ந்த இளையோர் குழுக்களில் பல வருடங்களாக விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்து வருகிறேன். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள், கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்கள், போதகர்மார், பெற்றோர், சில வேளை பிள்ளைகளே என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் என்னுடையவை. எந்தத் திருச்சபைக்காகவும் நான் பேசவில்லை.

விளையாட்டுக்கு எதற்குத் தத்துவம்? பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினால் போதாதா?

பந்தை எடுக்கும்போதே தத்துவமும் கையோடு வந்துவிடுகிறது. பதினொரு பேர் ஆடும் அணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். யாரை இறக்குவீர்கள்? கெட்டிக்காரரை மட்டும் இறக்கினால் விளையாட்டு எதற்கு என்பதற்கு ஒரு விடை சொல்லிவிட்டீர்கள். எல்லோரையும் மாற்றி மாற்றி இறக்கினால் வேறு விடை. ஆராதனைக்கு ஒழுங்காக வந்தவனுக்கே இடம் என்றால் அது இன்னொரு விடை. வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அது விளங்கிவிடும்.

நமது ஆலயங்களுக்குள் சில எண்ணங்கள் நெடுங்காலமாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. விளையாட்டு வீண்பொழுது என்ற பழைய சந்தேகம் இன்னும் சாகவில்லை. அது குணத்தைச் செதுக்கும் பட்டறை என்ற மிஷன் பாடசாலை நம்பிக்கை அதைவிட வலுவானது. பிள்ளைகளை ஆலயத்துக்குள் அழைத்துவரும் வாசல் அது என்போர் இருக்கிறார்கள். கிண்ணம் வந்தால்தான் மரியாதை என்போரும் இருக்கிறார்கள். விளையாட்டு இறைவன் தந்த மகிழ்ச்சி, அதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை என்று சொல்வோர் சிலரே. நான் இன்று அந்தச் சிலரோடு நிற்கிறேன். தொடக்கத்தில் அங்கே நிற்கவில்லை; அந்தக் கதை கீழே வருகிறது.

வேதாகமம் விளையாட்டை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா?

இரு தரப்பாரும் பவுலையே துணைக்கு அழைக்கிறார்கள். ஆதரிப்போர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: "நீங்கள் பெற்றுக்கொள்ளத்தக்கதாக ஓடுங்கள்." கொரிந்து நகருக்கு அருகே இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவனுக்குக் கிடைத்தது இலைகளால் பின்னிய முடி. அதைத்தான் பவுல் அழிவுள்ள கிரீடம் என்கிறார். எதிர்ப்போர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தை விரிப்பார்கள்: "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது." அற்பம் என்றால் இல்லை என்று பொருள் அல்ல, அதையும் சொல்லிவைக்க வேண்டும்.

உண்மையில் பவுல் விளையாட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறவே இல்லை. வாசகருக்குத் தெரிந்த காட்சியை எடுத்து விசுவாச வாழ்வுக்கு உவமை காட்டினார். உவமையிலிருந்து விளையாட்டுச் சட்டக்கோவை எழுத முடியாது.

என்னைப் பிடித்துக்கொண்ட வசனம் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. சகரியா எட்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் இடிந்துகிடந்த எருசலேமை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்த நகரம் மீண்டதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எதைச் சொல்கிறார் தெரியுமா? மதிலைச் சொல்லவில்லை, படையைச் சொல்லவில்லை. கையில் கோலூன்றிய முதியவர்கள் வீதிகளில் இருப்பார்கள், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அங்கே விளையாடுவார்கள் என்கிறார். பொழுது சாய்ந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாழ்ந்த நமக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. ஒழுங்கைக்குள் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தமே சமாதானம். அந்தப் பிள்ளைகள் விளையாட்டால் எதையும் சம்பாதிக்கவில்லை, யாரையும் திருத்தவில்லை. விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். அதையே கடவுள் வாக்குறுதியாகக் கொடுக்கிறார்.

ஆதித் திருச்சபையின் பிதாக்கள் விளையாட்டைக் கண்டித்தார்களாமே?

கண்டித்தார்கள். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அதில் மிகக் கடுமையானவர். ஆனால் அவர் கண்ட அரங்குகளில் மனிதரை மனிதர் வெட்டிச் சாய்த்தார்கள், ஊர்வலங்களில் பேரரசின் தெய்வங்களுக்குப் பலி நடந்தது. அந்தக் கண்டனத்தைத் தூக்கிவந்து நமது கரப்பந்து வலையின்மேல் போடுவது நியாயமில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். யோவான் அப்போஸ்தலர் தமது சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். யோவான் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார். அவன் திரும்பத் திரும்ப எய்தான். ஓயாமல் இப்படியே எய்வாயா என்று கேட்டபோது, வில் முறிந்துவிடும் என்றான். மனமும் அப்படித்தான் என்றார் யோவான். இந்தக் கதையை எடுத்துச் சொல்லும் அக்குவினாஸ், அளவோடு விளையாடுவது நற்பண்பு என்பதோடு நிற்கவில்லை. விளையாட்டே அறியாத கடுகடுப்பும் ஒரு குறையே என்கிறார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளையை மூன்று ரியூசனுக்கு அனுப்பும் நமது பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இதை வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமார் விளையாட்டை எதற்காகக் கொண்டுவந்தார்கள்?

எல்லா மிஷனரிமாரும் ஒரே எண்ணத்தோடு வரவில்லை. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1816 இல் வந்த அமெரிக்க மிஷன் பெரும்பாலும் சபையாட்சித் திருச்சபை மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் வேர் இங்கிலாந்தில் கடும் ஒழுக்கத்தை வற்புறுத்திய தூய்மைவாதிகளிடம் போகிறது. 1618 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மக்கள் நடனமாடலாம், அம்பெய்யலாம், தாண்டிக் குதிக்கலாம் என்று பிரகடனம் செய்தார். தூய்மைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். 1643 இல் பாராளுமன்றம் அந்தப் பிரகடனத்தைப் பகிரங்கமாக எரிக்கச் செய்தது. அந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகளே 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். கணிதம், வானியல், தமிழ், சமஸ்கிருதம் என்று அவர்கள் கொடுத்த கல்வி வியக்கவைப்பது. விளையாட்டு அதன் மையத்தில் இருக்கவில்லை.

மைதானம் மையத்துக்கு வந்தது பின்னர். இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நம்பிக்கை உருவெடுத்தது: உடல் உறுதியும் ஆண்மையும் ஒழுக்கமும் பக்தியும் ஒரே மரத்தின் கிளைகள், அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் மைதானம். அந்த நம்பிக்கைக்கு 1857 இல் ஒரு பெயரும் கிடைத்தது. தமிழில் அதைத் தசைவலுக் கிறிஸ்தவம் எனலாம். இங்கிலாந்தின் ரக்பி நகரப் பாடசாலையில் 1828 முதல் அதிபராக இருந்த தோமஸ் ஆர்னல்டை இதற்குத் தந்தை என்பார்கள். அவர் நாடியது ஒழுக்கத்தையே. விளையாட்டைப் பீடத்தில் ஏற்றியவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள்.

ஆங்கிலேய மிஷன்கள் நடத்திய பாடசாலைகளுக்குத் துடுப்பாட்டம் இந்தச் சிந்தனையையும் சுமந்துகொண்டு வந்தது. வெஸ்லியன் மிஷன் தொடங்கிய மத்திய கல்லூரியும் அங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதுகின்றன. அமலமரித் தியாகிகளின் சென் பற்றிக்ஸ் கல்லூரியும் அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 முதல் மோதுகின்றன. தூய்மைவாதிகளின் வாரிசுகளும் கத்தோலிக்கக் குருமாரின் மாணவரும் ஒரே ஆடுகளத்தில் நின்றார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. ஐரோப்பாவில் இவர்களுடைய முன்னோர் ஒருவரையொருவர் எரித்தவர்கள்.

நன்மை பெரிது. மத்தியஸ்தர் கை தூக்கினால் வாதாடாமல் வெளியேறும் பழக்கம், தோற்றபின் கைகுலுக்கும் பழக்கம், இவை அங்கிருந்து வந்தவை. தீமையும் உண்டு. குடியேற்ற நாட்டுப் பிள்ளை மென்மையானவன், அவனை ஆணாக்க வேண்டும் என்ற மேட்டிமை அந்தச் சிந்தனைக்குள் ஒளிந்திருந்தது. நமது கிளித்தட்டும் சடுகுடுவும் ஒழுக்கம் கற்பிக்காத விளையாட்டுகள் என்பதுபோல் வேலிக்கு வெளியே நின்றன. உடல் வலுவில்லாத பிள்ளை பக்தியிலும் குறைந்தவன் என்ற எண்ணம் சில பொறுப்பாளர்களிடம் இன்றும் இருக்கிறது. அதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன்.

வை.எம்.சி.ஏ. சின்னத்தில் இருக்கும் முக்கோணத்தின் பொருள் என்ன?

உடல், மனம், ஆவி. 1844 இல் இலண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் வை.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கியபோது அது கடை ஊழியரான இளைஞர்களின் ஜெப வட்டமாகவே இருந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் லூதர் குலிக் என்பவர் 1891 இல் இந்த முக்கோணத்தை முன்வைத்தார். உடல் ஆவியின் வேலைக்காரன் என்றோ பகைவன் என்றோ அவர் சொல்லவில்லை. மூன்று பக்கங்களும் சேர்ந்தால்தான் மனிதன் என்றார்.

அதே வருட இறுதியில் அதே இடத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவர் இறையியல் படித்தவர். குளிர்காலத்தில் உள்ளரங்கில் முரட்டுத்தனம் இல்லாமல் ஆட ஒரு விளையாட்டுத் தேவைப்பட்டது. பந்தோடு ஓடக்கூடாது, தோளால் இடிக்கக்கூடாது என்று பதின்மூன்று விதிகள் எழுதினார், இலக்கைத் தலைக்கு மேலே வைத்தார். தலைக்கு மேலே கூடை இருந்தால் பலத்தால் எறிந்து பயனில்லை, நிதானம் வேண்டும். ஒரு மனிதனின் இறையியல் விதிகளாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நான்கு வருடங்கள் கழித்து, 1895 இல், இன்னொரு வை.எம்.சி.ஏ. பணியாளரான வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்தில் மூச்சு வாங்கிய நடுத்தர வயதினரையும் மனதில் வைத்தே அவர் அதைச் செய்தார். இரு அணிகளுக்கும் நடுவே வலை, உடலோடு உடல் மோத இடமே இல்லை.

அந்த விளையாட்டு இன்று இலங்கையின் தேசிய விளையாட்டு. நமது ஊர்களில் ஓவர் கேம் என்று நாம் நமக்கென ஆடும் வடிவமும் இருக்கிறது. இரவில் மின்குமிழைக் கட்டி, தகப்பனும் மகனும் ஒரே அணியில் நிற்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தாங்கள் கையிலெடுப்பது வை.எம்.சி.ஏ. பணியாளர் ஒருவர் நடுத்தர வயதினரையும் நினைத்துச் செய்த விளையாட்டு என்பது ஆடுவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் உதைபந்தாட்டம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது எப்படி?

கழகங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். நாவாந்துறை சென் மேரிஸ், பாஷையூர் சென் அன்ரனீஸ். ஆலயத்தின் பாதுகாவலர் பெயரே அணியின் பெயர். இது பாடசாலை மைதானத்திலிருந்து வந்த சிந்தனை அல்ல. பாடசாலை ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துச் செதுக்குகிறது. பங்கு ஊரையே அணைத்துக்கொள்கிறது. கடலுக்குப் போய் விடியற்காலையில் திரும்பியவன் மாலையில் ஆடுகிறான். படிப்பை இடையில் விட்டவனுக்கும் அங்கே இடமுண்டு.

இதற்கு நெருங்கிய சிந்தனை இத்தாலியில் தொன் பொஸ்கோ என்ற குருவானவரிடம் காணப்படுகிறது. தூரின் நகரத்தின் ஏழைப் பையன்களுக்கு அவர் திறந்த இல்லத்தில் வழிபாடு, தொழில், விளையாட்டு முற்றம் மூன்றும் ஒன்றாக இருந்தன. பொறுப்பாளர் ஓரத்தில் நின்று விசில் ஊதக்கூடாது, முற்றத்தில் பிள்ளைகளோடு ஓடவேண்டும் என்பது அவருடைய முறை. மைதானத்தில் இறங்காத குருவானவர் பிள்ளைகளை அறியமாட்டார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எனக்கு இது முழுக்க உடன்பாடு.

பங்குக் கழகங்களின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பற்று ஊர்ப் பகையாக மாறுவதற்கு ஒரு தவறான தீர்ப்புப் போதும். புனிதரின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு பொல்லோடு போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இரவுகளில் இரு பங்குகளின் குருமாரும் சேர்ந்து மைதானத்தின் நடுவில் நின்றதையும் கண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைக்கலாமா?

இந்தக் கேள்வி வந்தால் உடனே எரிக் லிடலின் பெயரும் வரும். ஸ்கொட்லாந்து ஓட்டவீரர், மிஷனரித் தம்பதியரின் மகன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்தார். 400 மீற்றரில் ஓடி 47.6 செக்கனில் தங்கம் வென்றார். பிரசங்கங்களில் கதை இத்தோடு முடிந்துவிடும்: கடவுளைக் கனம் பண்ணினான், கடவுள் தங்கம் கொடுத்தார். அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. தங்கம் கிடைக்காவிட்டால் அவருடைய முடிவு பிழையாகிவிடுமா? ஞாயிற்றுக்கிழமை ஓடிய மற்றவர்களை அவர் குறை கூறவும் இல்லை. விலையைத் தாமே கொடுத்தார்.

கதையின் பின்பகுதியைச் சொல்வோர் குறைவு. லிடல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர்தான் விளையாட்டு ஒழுங்கு செய்தார். ஞாயிறு ஆட்டத்துக்கு அவர் முதலில் இணங்கவில்லை. மத்தியஸ்தர் இல்லாமல் பிள்ளைகள் ஆடிச் சண்டையிட்டுக்கொண்டதைக் கண்டபின், ஞாயிற்றுக்கிழமையே வந்து நடுவராக நின்றார் என்று அந்த முகாமில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1945 இல், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்னர், அந்த முகாமிலேயே இறந்தார். தனக்காக ஓட மறுத்த நாளில் பிள்ளைகளுக்காக விசில் எடுத்தவர். என் விடை அந்த மனிதரிடம் இருக்கிறது.

நடைமுறையில் நாங்கள் செய்வது இது: ஞாயிறு காலையில் எதுவும் இல்லை. மாலையில் வளவு திறந்திருக்கும், விரும்பியவர் விளையாடலாம். புள்ளி எழுதுவதில்லை, பயிற்றுநர் கத்துவதில்லை. ஞாயிறு மாலை ஆட்டத்தைவிட ஞாயிறு காலை ரியூசனே நமது ஓய்வுநாளைத் தின்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

விளையாட்டை நற்செய்திப் பணிக்குக் கருவியாக்குவது சரியா?

அமெரிக்காவில் 1954 முதல் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. புகழ்பெற்ற வீரர் தமது விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்வார், இளைஞர் கேட்பார்கள். அதன் தாக்கம் நமது முகாம்களிலும் தெரிகிறது: ஒரு மணி நேரம் பந்து, பிறகு அரை மணி நேரம் செய்தி.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்வோர் ஒரு பழைய காயத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தவர், பீற்றர் பேர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கு அவர் பாடசாலை தொடங்கியதன் காரணம், கல்வியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற கவலை. கல்வியின் இடத்தில் பந்தை வைத்துப் பாருங்கள்.

எங்கள் வளவுக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் சைவப் பிள்ளைகள். ஒரு நாள் ஒரு தாயார் படலையடியில் நின்று கேட்டார்: "தம்பி, விளையாட்டுக்கு மட்டும்தானே கூப்பிடுகிறீர்கள்?" நான் "ஓம், அக்கா" என்றேன். அந்த ஓம் என்னைக் கட்டிப்போட்டது. அதை மீறிப் பிள்ளையை ஜெபக்கூட்டத்தில் உட்காரவைத்தால் நான் பொய்யன். பொய்யன் சொல்லும் நற்செய்தியை யார் நம்புவார்? ஆகவே வேதப்பாடம் இருக்கும் நிகழ்ச்சிக்கு அப்படியே பெயர் போடுகிறோம், விளையாட்டுக்கு விளையாட்டு என்று பெயர் போடுகிறோம். நமது விசுவாசத்தை யாராவது கேட்டால் மறைக்கமாட்டோம். பந்தைத் தூண்டிற்புழுவாக்குவதில் எனக்குள்ள இன்னொரு வருத்தம், அது விளையாட்டையும் அவமதிக்கிறது என்பது. கடவுள் நல்லதென்று கண்ட ஒன்றை நாம் வெறும் பொறியாகப் பயன்படுத்தலாமா?

போட்டிக்கு முன் வெற்றிக்காக ஜெபிக்கலாமா?

இரு அணிக்கும் காயம் வராமலிருக்க ஜெபியுங்கள். எதிரணியையும் கூப்பிட்டு, ஒரே வட்டமாக நின்று ஜெபியுங்கள். இதற்கு மேல் இதில் பேச எதுவுமில்லை.

அப்படியானால் வெல்ல விரும்புவது பிழையா?

பிழையே இல்லை. வெல்ல முயலாதவனோடு விளையாடிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். பேர்னாட் சூட்ஸ் என்ற தத்துவ அறிஞர் விளையாட்டுக்கு ஓர் அழகான வரைவிலக்கணம் கொடுத்தார்: தேவையற்ற தடைகளைத் தாண்ட நாமாக விரும்பி எடுக்கும் முயற்சி. பந்தைக் கையால் எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் போடுவது இலகு. காலால்தான் போடவேண்டும் என்று நாமே ஒத்துக்கொள்கிறோம். எதிரணி அந்தத் தடையை நமக்குத் தருகிறது. எனவே எதிரணி பகைவன் அல்லன், அவன் வராவிட்டால் ஆட்டமே இல்லை.

ஒலிம்பிக்கின் இரண்டு பெயர்போன வாசகங்களும் திருச்சபைக்காரரிடமிருந்து வந்தவை. விரைவாக, உயரமாக, வலுவாக என்ற மகுடம் ஹென்றி திதோன் என்ற தொமினிக்கன் குருவானவர் 1891 இல் பாடசாலை விளையாட்டில் சொன்னது. வெல்வதைவிடப் பங்குபற்றுவதே பெரிது என்ற கருத்தை, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபேர்த்தின், 1908 இல் இலண்டனில் எதெல்பேர்ட் டால்பொட் ஆயர் ஆற்றிய பிரசங்கத்திலிருந்து எடுத்தார். இரண்டும் வேண்டும். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான எதிர்வீரசிங்கம் 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். உயரமாகப் போகவேண்டும் என்ற வேட்கை இல்லாமல் அது நடக்காது.

ஆனால் கிண்ணம் ஆளை எப்படி மாற்றும் என்பதை என்னை வைத்தே சொல்கிறேன். ஒரு வருடம் பதினைந்து வயதுக்குட்பட்ட அணியை இறுதியாட்டம்வரை கொண்டுபோனேன். வென்றோம். சுற்றுப்போட்டி முழுவதிலும் மூன்று பிள்ளைகளை நான் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. படம் எடுக்கும்போது அவர்களில் ஒருவன் ஓரத்தில் நின்றான். மற்றவர்களின் சட்டைகள் செம்பாட்டு மண்ணில் தோய்ந்திருந்தன. அவனுடைய சட்டை மடிப்புக் குலையாமல் வெள்ளையாக இருந்தது. அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை, ஓய்வுநாள் பாடசாலைக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாயார் தேநீர் தந்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. "அவனுக்குப் படிப்புக் கூடிவிட்டது, சேர்" என்றார். அவன் அறைக்குள் இருந்தான், வெளியே வரவில்லை. நான் அவனுக்கு ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் என்ன என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நீ தேவையில்லை என்பதே அந்தப் பாடம். ஆலயத்தின் பெயரால் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அதன்பின் எங்கள் அணிகளில் ஒரு விதி இருக்கிறது. பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆடவேண்டும், இறுதியாட்டத்திலும். இதனால் தோற்றிருக்கிறோம். சில பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை வேறு கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கடும் போட்டி வேண்டும் என்பது உண்மை. அதற்குப் பாடசாலை அணியும் மாவட்ட அணியும் இருக்கின்றன, நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

போட்டிகளுக்குப் "போர்", "சமர்" என்று பெயர் வைப்பது பற்றி?

மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் துடுப்பாட்டத்துக்குள்ள வடக்கின் பெரும் போர் என்ற பெயரை யாரும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை, அது நூற்றாண்டு கடந்த பாடசாலைப் பாசம். ஆலயப் போட்டிகளின் அழைப்பிதழில் மட்டும் அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போரில் பிள்ளையை இழந்த தாய் நமது வாங்கிலேயே இருக்கிறார்.

பெண்பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்?

போதாதளவுதான் செய்கிறோம். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை திறந்த ஊர் இது. வலைப்பந்தாட்டத்தில் ஆசியாவையே வென்ற அணியின் தூணாக நின்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண். அப்படியிருந்தும் ஆலய வளவில் மாலை நாலரைக்குப் போய்ப் பாருங்கள், பையன்களே நிற்பார்கள். பெண்பிள்ளைகள் விருப்பமில்லாமல் வராதிருக்கவில்லை. மைதானம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தும். பருவமடைந்தபின் வீட்டில் விடமாட்டார்கள். வெளியில் மதிலோரம் நின்று பார்ப்போரின் தொல்லை வேறு.

தசைவலுக் கிறிஸ்தவம் விட்டுப்போன மிச்சம் இது. மைதானம் ஆண்மையை வளர்க்கும் இடம் என்று வரையறுத்தால் பெண்பிள்ளை விருந்தாளிதானே? நாங்கள் கிழமையில் இரண்டு நாட்களை முழுமையாகப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பெண் பயிற்றுநர் நிற்பார். உடுப்பு அவரவர் வசதி. முதல் மாதம் ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் இருவருடைய தாய்மாரும் இப்போது வந்து பந்து எறிகிறார்கள்.

விளையாட்டில் சேர்த்தால் பிள்ளை போதைப்பொருள் பக்கம் போகமாட்டான் என்கிறார்கள். உண்மையா?

அப்படி உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். வென்ற இரவில் மதுப் போத்தலை உடைக்கும் கழகங்களும் இருக்கின்றன. விளையாட்டு தானாக யாரையும் காப்பதில்லை. இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், அவர் காப்பாற்றலாம். வளவில் விளையாட்டு இருப்பதால்தான் அவன் வரவில்லை என்பதே அவருக்குத் தெரிகிறது. அது சிறிய உதவி அல்ல.

எங்கள் ஆலயத்தில் பணமும் இல்லை, மைதானமும் இல்லை. எதில் தொடங்கலாம்?

கிளித்தட்டில் தொடங்குங்கள். ஏணிபோல நீளமாய்க் கோடு போடுவதற்குச் சாம்பல் போதும். ஓர் அணி கோடுகளைக் காக்கும், மற்ற அணி ஒவ்வொரு தட்டாகத் தாண்டி மறுகரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். நடுக்கோட்டில் ஓடும் கிளிக்குக் கண் நாலாபக்கமும் வேண்டும். உயரமானவனுக்கும் பருத்தவனுக்கும் அதில் தனிச் சலுகை இல்லை. ஏய்க்கத் தெரிந்தவன் தப்புவான். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் சின்னவரும் பெரியவரும் சேர்ந்து ஆடலாம். மிஷன் மைதானத்துக்கு வெளியே நின்ற விளையாட்டு ஆலய வளவுக்குள் வரட்டும்.

கோட்டை நீங்கள் போடாதீர்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ சாம்பற் சட்டியைக் கொடுங்கள். எத்தனை தட்டு, எத்தனை அடி என்று அவர்களுக்குக் கால் அளவிலேயே தெரியும். நிழலில் ஒரு வாங்கும் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். ஆறு மணிக்கு மணி அடித்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நாளைக்கும் வருவார்கள்.